நாற்காலியில் இருந்தவர்கள்: மார்கழிச் சென்னையில் பில்லியர்ட்ஸ் பேச்சு

வெள்ளி, மந்தைவெளி

கோவை எக்ஸ்பிரஸ் மதியம் சென்ட்ரலுக்கு வந்து சேர்ந்தது. மார்கழியில் சென்னைக்கு வருகிறவர்களில் பலர் கச்சேரிக்காக வருகிறார்கள். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜிலும் சபா டிக்கெட்டுகள் காந்தத்தில் தொங்குகின்றன. நான் வந்திருப்பது பில்லியர்ட்ஸ் மேஜைகளைப் பார்க்க. 2025 சீசனைப் பற்றி ஊர் திரும்புவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று ஆசை. அந்த சீசனை நான் பின்தொடர்ந்ததெல்லாம் செல்போனில், எல்லோரும் தூங்கிய பிறகு, தனியாக. அதைப் பற்றிப் பேச எனக்கு ஆட்கள் இருக்கும் ஊர் சென்னைதான். பகலில் பேச்சும் ஆட்டமும், இரவில் எழுத்து என்று வைத்துக்கொண்டேன்.

பில்லியர்ட்ஸ் என்றதும் பலருக்கும் நினைவு வருவது கலர் கலராகப் பந்து அடுக்கிய ஸ்நூக்கர், இல்லாவிட்டால் சின்ன மேஜையில் ஆடும் பூல். நான் சொல்வது மூன்று பந்து ஆட்டம். ஸ்நூக்கர் ஆடும் அதே பன்னிரண்டடி மேஜைதான். பந்து மட்டும் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. வெள்ளை ஒருவருக்கு, மஞ்சள் எதிராளிக்கு, சிவப்பு பொது. நம் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் கேனன், 2 பாயின்ட். சிவப்பைப் பாக்கெட்டில் போட்டால் 3, எதிராளியின் பந்தைப் போட்டால் 2. நம் பந்தே இன்னொரு பந்தில் பட்டுப் பாக்கெட்டில் இறங்கினால் அது இன்-ஆஃப். சிவப்பில் பட்டு இறங்கினால் 3, எதிராளி பந்தில் பட்டு இறங்கினால் 2. ஸ்நூக்கரில் தப்பாகிற விஷயம் இங்கே சம்பாத்தியம்.

சாயங்காலம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஒரு பார்லருக்குப் போனேன். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான், ஸ்நூக்கர் நன்றாகவே ஆடுவான். எல்லா மேஜையிலும் கூட்டம். பில்லியர்ட்ஸ் செட் இருக்கிறதா என்று கேட்டேன். ஓனர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அத கேட்டு வர்றவங்களே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்நூக்கர் செட்டிலிருந்து வெள்ளையையும் மஞ்சளையும் ஒரு சிவப்பையும் பொறுக்கிக் கையில் கொடுத்தார். நல்ல மனிதர். கூட்டம் நிற்கும் நேரத்தில் பெரிய மேஜையை மூன்று பந்துக்காக விட்டுக்கொடுத்தார்.

மருமகனுக்குச் சந்தேகம் தீரவில்லை.

"மாமா, மூணு பந்துல என்ன பண்ணுவீங்க? ரெண்டத்தப் போட்டா ஆட்டம் முடிஞ்சிடுமே?"

"முடியாது கண்ணு. சிவப்பு விழுந்தா எடுத்து மறுபடி ஸ்பாட்டுல, அதுக்குன்னு குறிச்ச புள்ளியில, வைப்பாங்க. டைம் முடியற வரைக்கும், இல்லாட்டி பேசி வச்ச பாயின்ட் வர்ற வரைக்கும் ஓடும்."

"அப்ப எதிர்ல ஆடறவன் என்ன பண்ணுவான்?"

"உக்காந்திருப்பான்."

"எவ்ளோ நேரம்?"

"மேஜையில இருக்கறவன் விடற வரைக்கும்."

அவன் சிரித்தான். எனக்கு அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. போன சீசனைப் பற்றி நான் எழுத நினைத்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

சனி, மந்தைவெளி

காலையில் பார்லர் காலி. நேற்றைய ஓனரே ஷட்டரைத் திறந்துவிட்டார். மருமகனுக்கு முதல் பாடம் இன்-ஆஃப். மேஜையின் கீழ்ப்பக்கம் குறுக்காக ஓடும் கோடு பால்க் லைன். அதை ஒட்டிய அரைவட்டம் 'டி'. இன்-ஆஃப் அடித்துப் பாக்கெட்டில் இறங்கிய நம் பந்தை எடுத்து அந்த 'டி'க்குள் வேண்டிய இடத்தில் வைத்து மறுபடி அடிக்கலாம். பந்தை எங்கே வைக்கிறோம் என்பதில் பாதி ஆட்டம் இருக்கிறது.

அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது பாதிப் பந்து அடி. பந்தை அடிக்கும் குச்சியான கியூவின் நேர்க்கோடு சிவப்பின் விளிம்பைப் பார்க்க வேண்டும். அப்படி அடித்தால் சிவப்பின் பாதியை நம் பந்து மறைத்துக்கொண்டு போய் மோதும். இந்த அடிக்கு ஒரு குணம் உண்டு. குறி நூலிழை பிசகினாலும் நம் பந்து பிரிந்து போகும் கோணம் அதிகம் மாறாது. ஆகவே பில்லியர்ட்ஸ்காரர்கள் முதலில் இதைத்தான் கண்ணுக்குப் பழக்குவார்கள். பையன் நடுப் பாக்கெட்டுக்குக் குறி வைத்து அடித்தான். வெள்ளை சிவப்பின் ஓரத்தைத் தொட்டு விலகி, பாக்கெட் வாயில் ஒரு கணம் தயங்கி உள்ளே விழுந்தது. சிவப்பு மேல்க்குஷன் (மேஜையின் மேல்ப்பக்க ரப்பர் விளிம்பு) வரை போய் மோதித் திரும்பி, மேஜையின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. "அதே இடம் மாமா!" என்றான். அதே இடம்தான். வேகம் சரியாக இருந்தால் சிவப்பு திரும்பி வந்து 'இன்னொரு தடவை அடி' என்று நிற்கும். அந்தத் திரும்பி வருதலைக் கையில் பிடித்தவனுக்குத்தான் பிரேக், அதாவது மேஜையை விடாமல் ஒரே தொடரில் எடுக்கும் பாயின்ட், வளரும்.

முடிவில்லாமல் இப்படியே அடிக்க முடியாது. பந்தைப் பாக்கெட்டில் போடுவதும் இன்-ஆஃபும் சேர்ந்து தொடர்ச்சியாக 15 முறைக்கு மேல் போகக் கூடாது, நடுவில் ஒரு கேனன் வேண்டும். வெறும் கேனன் மட்டுமே என்றால் 75 முறையோடு நிறுத்த வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் இரண்டையும் கலப்பார்கள். எதிராளியின் பந்தை மேல்க்குஷன் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, சிவப்பை ஸ்பாட்டிலிருந்து போடு, ஒரு கேனன் எடு, மறுபடி சிவப்பு என்று இரண்டடி இடத்துக்குள் குடியிருந்துவிடுவார்கள். பங்கஜ் அத்வானி அங்கே குடியிருக்கும்போது பார்க்க வேண்டும். பந்து உருளும் சத்தம்கூடக் கேட்காது.

இனி சீசனுக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் அயர்லாந்தின் கார்லோவில் ஐ.பி.எஸ்.எஃப் (சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் கூட்டமைப்பு) நடத்தும் உலக பில்லியர்ட்ஸ் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் இரண்டு பேரும் இந்தியர்கள். ஒருவர் பெங்களூரின் பங்கஜ் அத்வானி. 2024 நவம்பரில் தோஹாவில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாலை 4-2 என்று வென்று, பில்லியர்ட்ஸும் ஸ்நூக்கரும் சேர்த்து 28-வது உலகப் பட்டத்தை எடுத்த கையோடு வந்தவர். இன்னொருவர் கொல்கத்தாவின் சௌரவ் கோத்தாரி. டைம் ஃபார்மட், அதாவது குறித்த நேரம் முடியும்போது யாரிடம் அதிகப் பாயின்ட்டோ அவருக்கு வெற்றி. முடிவு 725-480, கோத்தாரிக்கு. அதில் 325 ஒரே பிரேக்.

அந்த 325-ஐத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அது வளர்ந்துகொண்டிருந்த நேரம் முழுக்க அத்வானி நாற்காலியில் இருந்தார். அதற்கு முந்தைய வருஷங்களில் அங்கே இருந்தவர் கோத்தாரி. 2022-ல் கோலாலம்பூரில் இதே இரண்டு பேருக்கும் இறுதி ஆட்டம். 150 பாயின்ட் ஃப்ரேம்கள், முதலில் 150-ஐத் தொட்டவருக்கு அந்த ஃப்ரேம். கோத்தாரிக்கு ஒரு ஃப்ரேம்கூடக் கிடைக்கவில்லை, 4-0. 2023-ல் தோஹாவில் மறுபடி இதே ஜோடி, ஆயிரம் பாயின்ட் ஆட்டம், 1000-416. கோத்தாரி ஜெயிக்கத் தெரியாதவர் இல்லை. 2018-ல் லீட்ஸில் பீட்டர் கில்கிறிஸ்டைத் தோற்கடித்து உலகப் பட்டம் எடுத்தவர். அத்வானி எதிரே நின்றால் மட்டும் மேஜை அவரைவிட்டு விலகிப் போயிற்று.

மற்ற விளையாட்டில் தோற்கிறவனுக்குச் செய்ய ஏதாவது இருக்கும். டென்னிஸில் ஓடலாம், கிரிக்கெட்டில் பந்து போடலாம். இங்கே எதிராளி ஆடும்வரை நாற்காலி, ஒரு துண்டு, ஒரு கிளாஸ் தண்ணீர். கியூவை மடியில் வைத்துக்கொண்டு எதிராளியின் கணக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து வரும்போது கை குளிர்ந்திருக்கக் கூடாது, மனசு சூடாகியிருக்கக் கூடாது. 2022-லும் 2023-லும் அப்படி உட்கார்ந்திருந்தவர் 2025-ல் 325 அடித்தார் என்றால், அந்த ஆட்டத்தின் ஒரு பகுதியை அவர் நாற்காலியிலேயே கற்றிருக்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன்.

இன்னொன்று. சௌரவின் அப்பா மனோஜ் கோத்தாரி 1990-ல் பெங்களூரில் இதே உலகப் பட்டத்தை வென்றவர். நடுவில் 35 வருஷம். இந்த வரியை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஞாயிறு, மயிலாப்பூர்

காலையில் அக்காவோடு கபாலீஸ்வரர் கோயில். மாட வீதியில் கோலம் காய்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. பொங்கல் பிரசாதம் வாங்கி, லஸ் வரை நடந்தோம். லஸ் சர்ச் ரோட்டில் இருக்கும் மயிலாப்பூர் கிளப் 1903-ல் தொடங்கியது. அதைக் கடக்கும்போது அக்காவிடம் அனுபமா ராமச்சந்திரனைப் பற்றிச் சொன்னேன்.

"யாரு? பாட்டு பாடறவளா?"

"இல்லக்கா, ஸ்நூக்கர். போன நவம்பர்ல தோஹால உலக சாம்பியன் ஆயிட்டா. சென்னைப் பொண்ணு."

அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டாள். "நம்ம ஊரு பொண்ணா? எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லையே!"

சொல்லியிருக்க வேண்டும். 15 சிவப்புப் பந்து ஸ்நூக்கரில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அனுபமா. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஹாங்காங்கின் ஆன்-யீ. அவரே மூன்று முறை பெண்கள் உலகப் பட்டம் வென்றவர். ஆட்டம் ஐந்து ஃப்ரேமும் போய் 3-2 என்று முடிந்தது. மூன்று பந்துக்காரனான எனக்கும் அது இந்த சீசனின் பெரிய சந்தோஷம். நான் ஆடத் தொடங்கிய காலத்தில் பார்லருக்குள் ஒரு பெண் நுழைந்தால் எல்லா மேஜையிலும் ஆட்டம் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை பார்லரில் இரண்டு பெண் பிள்ளைகள் தங்கள் பாட்டுக்குக் கியூ நுனியில் சாக்பீஸ் தடவிக்கொண்டு ஆடினார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் ஒரு நண்பர் தன் கிளப்புக்கு விருந்தாளியாகக் கூட்டிப்போனார். எந்த கிளப் என்று சொல்ல வேண்டாம் என்றார். உயரமான கூரை, மேஜைக்கு மேலே பச்சை நிழல்விளக்கு, சுவரில் முள் நகர்த்திக் கணக்கு வைக்கும் மரப் பலகை. இந்த அறைகளுக்கு ஒரு வரலாறு உண்டு, அது முழுக்க இனிப்பானதல்ல. 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து உட்கார 1873-ல் காஸ்மாபாலிடன் கிளப் வந்தது. பல அறைகளில் நம்மவர்கள் முதலில் நுழைந்தது மார்க்கராகத்தான்: பந்தை எடுத்து வைக்க, கணக்குச் சொல்ல, துணியைத் துடைக்க.

ஸ்நூக்கரே இந்தப் பக்கத்து ஆட்டம் என்பது எங்கள் கோவைக்காரர்களுக்குப் பெருமை. ஜபல்பூரில் 1875-ல் நெவில் சேம்பர்லெய்ன் என்ற இளம் ராணுவ அதிகாரி அதைத் தொடங்கிவைத்தார். பின்னாளில் பிரதமரானவர் வேறு சேம்பர்லெய்ன். இவர் மதராஸ் ராணுவத் தலைமைத் தளபதி ராபர்ட்ஸின் கீழ் வேலை பார்த்தபோது கோடைக்கு ஊட்டி போவார். அங்கே ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் 1880-களில் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. பில்லியர்ட்ஸ் மேஜையில் வைத்து வளர்ந்த பிள்ளை ஸ்நூக்கர். இன்றைக்கு அது வீட்டை எடுத்துக்கொண்டது. தாய்க்கு ஒரு மூலைகூட மிச்சமில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அதை மறைக்கவும் விருப்பமில்லை.

திங்கள், சிந்தாதிரிப்பேட்டை

இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்த்து வந்த நாள் இது. ஒரு பழைய மார்க்கரைப் பார்க்கப் போனேன். கிளப்பில் சேர்ந்தபோது அரைக்கால் சட்டை போட்ட பையன், இப்போது பேரன் எடுத்துவிட்டார். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ரிட்டயர் ஆன பிறகும் துணி மாற்றவும் அயர்ன் போடவும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இன்றைக்கு ஒரு இடத்தில் வேலை இருந்தது, "கூட வா சார், பேசிக்கினே செய்யலாம்" என்றார்.

போன வாரம் மழை. ஏசியை இரவில் நிறுத்திவிடுகிறார்கள். மேஜையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என் கையையும் பிடித்து வைத்தார். ஜில்லென்று, லேசான பிசுபிசுப்பு.

"தெரிதா? கம்பளித் துணி சார் இது. மெட்ராஸ் காத்து பூரா குடிச்சிருக்கு. இதுல பந்து எப்டி ஓடும்? கல்யாண வூட்ல நல்லா துன்னுட்டு நடக்கறவன் மாரி ஓடும்."

முதலில் பிரஷ். பால்க் பக்கம் நின்று மேல்ப்பக்கம் நோக்கி, ஒரே திசையில், நீளமான இழுப்பு. திரும்பி வரும்போது பிரஷ் துணியில் படவே இல்லை. துணியின் மயிர் அந்தத் திசையில் படுத்திருக்கிறது. எதிர்த் திசையில் இழுத்தால் எழுந்துவிடும். பிறகு இஸ்திரிப் பெட்டி. ஒரு வெள்ளைத் தாளை அதன் அடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். தாள் பழுப்பாகவில்லை என்று பார்த்த பிறகுதான் துணியில் வைத்தார். அதுவும் பால்க்கிலிருந்து மேலே, நிறுத்தாமல், கை நடுங்காமல். பெட்டி போன வழியில் துணி இருண்ட பச்சையாகப் பளபளத்தது, பக்கத்துப் பட்டை மங்கலாக இருந்தது. முழுக்க முடிந்ததும் ஒரு பந்தை எடுத்து மேஜையின் குறுக்கே, மூச்சு விடும் வேகத்தில் உருட்டினார். நேராகப் போன பந்து கடைசி ஒரு அடியில் மேல்ப்பக்கம் சாய்ந்தது. மயிர் இழுக்கிற இழுப்பு. "இத தெரியாம நடுப் பாக்கெட்ல மெதுவா அடிச்சா அவ்ளோதான்" என்றார்.

அவரிடம் கார்லோ ஆட்டத்தைச் சொன்னேன். 725-480 என்றதும் கணக்குப் பலகையின் முள்ளை நகர்த்துவது போல விரல் அசைந்தது. கைப்பழக்கம்.

"பங்கஜ் உக்காந்திருந்தாரா?"

"ஆமாங்க ஐயா. ஒரே பிரேக்ல 325."

"அப்பொ அந்தப் பையன் மொகத்த பாக்கறத வுட்டுட்டு பங்கஜ் மொகத்த பாத்திருக்கணும் சார். நாங்க மார்க்கருங்கோ அதத்தான் பாப்போம். ஆடறவன் மேஜய பாப்பான், மெம்பருங்கோ ஆடறவன பாப்பாங்கோ, உக்காந்துக்கினு இருக்கறவன பாக்கறது மார்க்கர் மட்டும்தான். காலு ஆடுதா, தண்ணி எத்தினி தடவ குடிக்கறான், சாக்கு தேச்சிக்கினே கீறானா. எழுந்து வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், இவன் அடிப்பானா மாட்டானான்னு."

இந்தப் பார்வை எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை.

நான் அவருக்கு ஒரு பழைய கதை சொன்னேன். 1932 ஜனவரி, லண்டன் தர்ஸ்டன் ஹால். ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் ஒரே பிரேக்கில் 4137 எடுத்தார். மொத்தம் 2 மணி 55 நிமிடம் மேஜை அவரிடம். நிமிடத்துக்கு 23-க்கும் மேல் என்று கணக்கு வருகிறது. குஷனை ஒட்டி மூன்று பந்தையும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டுக் கேனன் எடுத்துக்கொண்டே நகர்த்திப்போகும் வித்தை அவருடையது. எதிரே நாற்காலியில் இருந்தவர் ஜோ டேவிஸ். இந்த மாதிரி ஆடினால் பார்க்க வருகிறவர்கள் அலுத்துப்போவார்கள் என்று, குறிப்பிட்ட பாயின்ட்டுக்கு ஒரு முறை பால்க் லைனைத் தாண்டியே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள்.

"உக்காந்திருந்தவரு அப்புறம் இன்னா ஆனாரு?" அவர் கேட்டது இதை மட்டும்தான்.

"ஸ்நூக்கர் உலகப் போட்டியில 1927-லேர்ந்து 1946 வரைக்கும் பதினஞ்சு தடவ சாம்பியன். அந்தப் போட்டியில அவர ஒருத்தரும் தோக்கடிச்சதே இல்லைங்க."

"பாத்தியா!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

பேச்சு நம்ம ஆட்களிடம் வந்தது. வில்சன் ஜோன்ஸ் என்ற பெயரை அவர் சொன்ன விதத்தில் ஒரு மரியாதை. 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம். எந்த விளையாட்டிலும் தனிநபராக உலக சாம்பியன் ஆன முதல் இந்தியர். 1964-ல் நியூசிலாந்தில் மறுபடியும். பிறகு மைக்கேல் ஃபெரேரா, 1977, 1981, 1983. 1978-ல் தேசியப் போட்டியில் ஒரே பிரேக்கில் 1149 அடித்தவர். பிறகு கீத் சேத்தி. 1992 உலகப் புரொஃபஷனல் போட்டியில் 1276. அதன் பிறகு அத்வானி. 2009-ல் லீட்ஸில் இங்கிலாந்தின் மைக் ரஸ்ஸலை அவர் நாட்டிலேயே 2030-1253 என்று தோற்கடித்தார். ஒரு நாடு இந்த ஆட்டத்தில் இத்தனை வருஷம் விடாமல் உலகத் தரத்தில் இருந்திருக்கிறது. கோலி, தோனி என்று சொல்லும் வாயில் இந்தப் பெயர்களும் வர வேண்டும் என்று நினைப்பது அதிக ஆசையா என்ன?

"எல்லாம் பம்பாய், ஆமதாபாத், பெங்களூர், கல்கத்தா" என்றார் மார்க்கர். "நம்ம மெட்ராஸ் பேரு எங்க?" குறையாகச் சொல்லவில்லை. பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, கணக்குச் சொல்வது போலச் சொன்னார். நான் அனுபமா பெயரைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு நம்ம கெத்து சார்" என்றார் உடனே. "மூணு பந்துக்கு ஒர்த்தன் வரணும்."

செவ்வாய், சென்ட்ரல்

ரயிலுக்கு நேரம் இருக்கிறது, பிளாட்பாரத்து பெஞ்சில் எழுதுகிறேன்.

நேற்று இரவு மருமகனோடு நூறு பாயின்ட் ஆட்டம் ஆடினேன். நான் மேஜையில் இருந்த நேரத்தில் அவன் செல்போனை எடுக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். நான் விட்டதும் எழுந்து வந்து, அவசரப்படாமல் பந்தை 'டி'யில் வைத்தான். தொடர்ந்து இன்-ஆஃப், நடுவில் ஒரு கேனன், அதற்கப்புறம் சிவப்பு கோணல் மாணலாகப் போய்விட்டது. "இன்னொரு கேம் மாமா" என்றான்.

ஆட்டம் முடிந்து வாக்குவாதம் ஃபார்மட் பற்றி. அவனுக்கு 150 பாயின்ட் ஃப்ரேம்கள் பிடித்திருக்கின்றன. சீக்கிரம் முடிகிறது, ஒன்று போனால் அடுத்ததில் பிடிக்கலாம், பார்க்கவும் விறுவிறுப்பு. அவன் சொல்வதில் நியாயம் உண்டு. புதிதாக வருகிறவனை ஆட்டத்துக்குள் இழுக்க அதுதான் வழி. ஆனால் பட்டத்தைத் தீர்மானிக்க டைம் ஃபார்மட்தான் வேண்டும் என்று நான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. குட்டி ஃப்ரேமில் 150 வந்ததும் கணக்கு அழிந்து இரண்டு பேரும் சமமாகிவிடுகிறார்கள். டைம் ஃபார்மட்டில் 325 அடித்தால் அந்த 325 கடைசி மணி வரை பலகையில் நிற்கிறது. எதிராளி அதைச் சுமந்துகொண்டே எழுந்து வர வேண்டும். கார்லோவில் அத்வானி அப்படித்தான் எழுந்து வந்தார், 480 வரை போனார். அந்த 480-ஐயும் நான் மதிக்கிறேன்.

ஜூலையில் அத்வானிக்கு 40 வயது முடிந்தது. இந்த ஆட்டத்தில் அது ஒரு வயதே இல்லை. அவர் போட்டியிலிருந்து ஒதுங்குவார் என்று நான் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. 2026-ல் இந்த இரண்டு பேரும் மறுபடி மோதினால் முதல் பெரிய பிரேக்கை யார் அடிக்கிறார் என்பதைவிட, அப்போது உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் பார்க்கப்போகிறேன். மார்க்கர் சொல்லிக் கொடுத்தது.

ஒரு வேலையும் நடந்தது. பார்லர் ஓனரிடம், காலையில் மேஜை காலியாகக் கிடக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் மூன்று பந்து ஆட்டத்துக்கு ஒதுக்க முடியுமா என்று கேட்டேன். யோசித்தார். ரெண்டு பேராவது தவறாமல் வந்தால் பாதி வாடகைக்கு விடுகிறேன் என்றார். மருமகன் ஒருவன், அவன் கிளாஸ்மேட் ஒருவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக் கொடுக்க மார்க்கர் ஐயா சம்மதித்திருக்கிறார். பஸ் காசு மட்டும் போதும் என்றார். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, முறையாகச் சம்பளம் பேசிவிட்டுத்தான் கிளம்பினேன். பில்லியர்ட்ஸ் செட் ஒன்று கோவையிலிருந்து பார்சலில் அனுப்ப வேண்டும்.